கால் ஆடினால் ஆடட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதிலிருந்து பிள்ளைகள் மைதானத்துக்கே போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் நான்காம் வகுப்புப் பக்கம் நடந்தால், தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தையும் மீறிப் பெஞ்சு ஆடும் சத்தம் கேட்கிறது. ஓடியாடாத பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் மழையோ வெயிலோ, வருடம் முழுக்க அப்படி இருக்கும் பிள்ளைகளும் சிலர் நம்மிடம் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், உடலை அடக்கி வைப்பதும், யோசித்துவிட்டுச் செய்வதும் சில குழந்தைகளின் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. அந்தச் சிரமத்துக்குத்தான் இந்தப் பெயர். இது வளர்ப்பால் வருவதல்ல. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். இது குடும்ப வழியாக வருவதும் உண்டு. மகனைப் பற்றிப் பேச வந்த அப்பா, 'நானும் சின்ன வயசில் இப்படித்தான் சார்' என்று தலை குனிந்து சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் தலை குனிய வேண்டியதே இல்லை.

எல்லாரும் ஓடுகிற பிள்ளைகளாகவும் இருக்க மாட்டார்கள். ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைக்கும் இதே சிரமம் இருக்கலாம். யாருக்கும் தொல்லை தராததால் அவளை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பல வருடங்களுக்கு முன், வேறொரு பள்ளியில் நான் வகுப்பாசிரியராக இருந்தபோது, கணக்கை முடிக்காத ஒரு பையனை இன்டர்வெல்லுக்கு விடாமல் வகுப்பிலேயே உட்கார வைப்பேன். விளையாட்டுப் பீரியடையும் பிடுங்கியிருக்கிறேன். மாலைக்குள் அவன் நிலை இன்னும் மோசமாகும்; நான் இன்னும் திட்டுவேன். அவனுக்கு மருந்தாக இருந்ததையே தண்டனையாகப் பறித்திருக்கிறேன் என்பது ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. எழுதுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது, வகுப்பில் உட்காருவது என்று அன்றாட வேலைகளை ஒருவர் தானே செய்யப் பழக்குவதுதான் அவர்களுடைய தொழில். அவர் முதலில் கேட்டது, 'அந்தப் பையனின் கால் தரையில் படுகிறதா சார்?' என்பதுதான். போய்ப் பார்த்தேன். படவில்லை. பெஞ்சு அவனுக்கு உயரம்.

கால் அந்தரத்தில் தொங்கினால் பெரியவர்களாலும் வெகுநேரம் எழுத முடியாது. வீட்டில் பிள்ளை உட்கார்ந்து எழுதும் இடத்தைப் பாருங்கள். பாதம் முழுதாக ஊன்ற வேண்டும், முட்டி செங்கோணமாக மடங்க வேண்டும். எட்டாவிட்டால் ஒரு பலகையோ இரண்டு செங்கலோ போதும். காலை ஆட்டியபடிதான் எழுதுகிறான் என்றால் ஆட்டட்டும். பள்ளியில் பழைய டூவீலர் ட்யூபை வெட்டி, பெஞ்சின் முன்பக்கக் கால்கள் இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டிவிட்டோம். அதை மிதித்துத் தள்ளிக்கொண்டே பிள்ளைகள் எழுதுகிறார்கள், பக்கத்தில் இருப்பவனுக்கும் தொந்தரவில்லை.

பள்ளியில் இன்னும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பே எழுந்து, சுவரில் இரு கைகளையும் ஊன்றிப் பத்து முறை தள்ளுகிறது. நோட்டுக் கட்டைச் சுமந்து ஆபீசுக்குக் கொண்டுவருவது, போர்டைத் துடைப்பது போன்ற வேலைகளை அந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறோம். தசையும் மூட்டும் அழுத்தம் வாங்கினால் உடல் ஒரு நிலைக்கு வரும் என்பது தெரபிஸ்டுகளின் அனுபவம். இன்டர்வெல்லையோ விளையாட்டுப் பீரியடையோ இனி எந்தக் காரணத்துக்காகவும் எந்தப் பிள்ளையிடமிருந்தும் எடுக்க மாட்டோம்.

இனி வீட்டுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் நோட்டைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் மேட்டில் ஏறி இறங்கி ஓடட்டும். மழை நாளில் சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள். கையும் தோளும் உழைக்கும், எழுதும் விரலுக்கும் பலம் வரும். கடித்து மெல்லும்போது சில பிள்ளைகள் விழிப்பாக இருக்கிறார்கள். அதற்கு நம் ஊர் கேரட்டை விடச் சிறந்தது எது?

பத்துக் கணக்கு இருந்தால் தாளை மடித்து மூன்று மட்டும் தெரியும்படி வையுங்கள். முடித்ததும் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரட்டும், அப்புறம் அடுத்த மூன்று. 'முகம் கழுவு, பையை எடு, குல்லா போடு' என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசி ஒன்றுதான் காதில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அல்லது வரிசையாகப் படம் வரைந்து கதவில் ஒட்டுங்கள். எஸ்டேட் லயத்து வீட்டில் ஒரே அறையில் எல்லாரும் இருக்கும்போது தனி இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் டிவியை மட்டும் நிறுத்தி, பிள்ளையைச் சுவர் பார்த்து உட்கார வையுங்கள்.

ஸ்வெட்டர் கழுத்தில் உறுத்துகிறது என்று அழும் பிள்ளையை அடம் பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த உறுத்தல் ஒன்றே நாள் முழுக்கக் கவனத்தைத் தின்னும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு அனுப்புங்கள். ஈரமான சாக்ஸும் அப்படித்தான், பையில் ஒரு மாற்று ஜோடி வையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

இவை ஏ.டி.ஹெச்.டி.யைப் போக்கிவிடாது, அன்றைய நாளைக் கொஞ்சம் எளிதாக்கும். ஒரு பிள்ளைக்கு உதவுவது இன்னொரு பிள்ளைக்கு உதவாமல் போகலாம். அதனால் ஒன்றை எடுத்து இரண்டு வாரம் செய்து பாருங்கள். பிள்ளையை அமைதியாக்கும் என்று சொல்லி எடை வைத்த ஜாக்கெட்டை ஆன்லைனில் விற்பதை நம்பிக் காசைப் போடாதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டாக்டர் மருந்து எழுதினால் பயப்பட வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டியவர் டாக்டர்தான், நானோ நீங்களோ அல்ல. சிரமம் ஆறு மாதமாவது இருந்ததா, வீடு பள்ளி இரண்டிலும் தெரிகிறதா, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா என்றெல்லாம் பார்ப்பார்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதித்துவிடுவது நல்லது. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றில் ஏ.டி.ஹெச்.டி.யும் உண்டு. தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடமும் பேசலாம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை இதற்காக உட்கார்ந்து பேசுவோம். தேயிலை எடை போட்டுவிட்டு வரும் அம்மாக்களுக்காக நேரத்தை ஐந்தரை மணிக்கு வைத்திருக்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்துவிடுவோம். வர முடியாதவர்கள் பிள்ளையின் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
கோத்தகிரி