முதல் இயர்போன் வாங்க வருபவர்களுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் திருச்சியில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, ஆயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஹெட்செட்டா ஒண்ணு குடுங்க." கடையில் கூட்டம் நிற்கும்போது இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்த மாதம் எது அதிகம் போகிறதோ அதை எடுத்துக் கொடுத்து பில் போட்டுவிடுகிறோம்.

போன வருடம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். பத்தாம் நாள் திரும்ப வந்தார். "சார் பாடம் எடுக்கறது பீப்பாய்க்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது அண்ணே, காதும் வலிக்குது" என்றார். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பொருளில் ஒரு கோளாறும் இல்லை. குத்துப்பாட்டுக்கென்று பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தூக்கிச் செய்த இயர்போன் அது. தினமும் ஐந்து மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டியவருக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். என்ன கேட்கப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பத்து நாள் அவர் பட்ட சிரமம் மனதை விட்டுப் போகவில்லை. அவசரத்தில் சொல்லாமல் விடுவதையெல்லாம் எழுதிவிடலாம் என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இந்த மடல்.

விலைக்கு முன்னால் காதைப் பார்க்க வேண்டும். காதுத் துளைக்குள் போகும் இயர்போனில் மூன்று அளவில் ரப்பர் முனைகள் கொடுத்திருப்பார்கள். நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் மற்ற இரண்டு ஜோடியையும் டப்பாவோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். நல்ல சத்தம் அந்தப் பரணில்தான் கிடக்கிறது என்று நான் சொல்வது உண்டு. ரப்பர் காதை முழுதாக அடைத்தால்தான் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு தகடு தள்ளும் காற்று செவிப்பறைக்குப் போய்ச் சேரும். ஓரமாக ஒரு இடுக்கு இருந்தாலும் பேஸ் அதன் வழியே வெளியே போய்விடும், மிஞ்சுவது கீச்சுச் சத்தம்தான். "பேஸே இல்லண்ணே" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு நான் செய்வது ரப்பரை மாற்றிப் போடுவது மட்டும்தான். முகம் மாறுவதை அப்போது பார்க்க வேண்டும்.

நீங்களே சோதித்துக்கொள்ளலாம். பாட்டு ஓடும்போது இரண்டு இயர்போனையும் விரலால் இலேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால் ரப்பர் உங்களுக்குச் சிறியது. பாட்டை நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்கள் தலைக்குள்ளேயே கும்மென்று கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. வலது காதும் இடது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கம் நடுத்தரமும் மறுபக்கம் பெரியதும் போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கால் மணி நேரத்துக்குள் வலித்தால் அது எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம். போகப்போகப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால், நானே சொன்னாலும், கேட்காதீர்கள்.

துளைக்குள் போவதே பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்குக் காதின் வாயில் சும்மா உட்காரும் பழைய மாதிரி இயர்போன் இருக்கிறது. வீட்டில் கேட்க நல்லது, காலிங் பெல்லும் குக்கர் விசிலும் காதில் விழும். பேருந்துக்கு மட்டும் அது ஆகாது. தலையில் மாட்டும் ஹெட்போனில், காதின் மேல் உட்காருவது ஒரு வகை, காதையே சுற்றி மூடிக்கொள்வது இன்னொரு வகை. மூடிக்கொள்வது வசதியானது. ஆனால் நம்மூர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், செயற்கைத் தோல் வைத்த மெத்தை அரை மணியில் வியர்க்கும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் தோல் செதில் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். துணி மெத்தை வைத்ததோ, மெத்தையைத் தனியாக மாற்ற முடிந்ததோ கிடைத்தால் அதை எடுங்கள்.

அடுத்தது உங்கள் போன். பழைய 3.5 மி.மீ. ஜாக் உங்கள் போனில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட்டு வாருங்கள். ஆப்பிள் 2016-இல் ஐபோன் 7-இல் அந்த ஓட்டையை எடுத்தது, பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. டைப்-சி மட்டும் இருந்தால் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். அந்தக் கன்வர்ட்டரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிஜிட்டல் ஒலியைக் காது கேட்கும் ஒலியாக மாற்றும் சிப் உள்ளே இருப்பது ஒரு வகை. வெறும் கம்பியை மட்டும் இணைத்து வைத்திருப்பது இன்னொரு வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிப் இல்லாதது சில போன்களில் வேலை செய்யும், பல போன்களில் ஊமையாகிவிடும். அந்தச் சிப்புக்குப் பெயர் டிஏசி. டப்பாவில் 'டிஏசி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் உங்கள் போனில் செருகிப் பாட்டுக் கேட்ட பிறகு காசு கொடுங்கள். ஐபோன் 15-க்கு முந்தைய ஐபோன்களுக்கு டைப்-சி பொருந்தாது, அவற்றில் செருகும் ஓட்டையே வேறு. மேசைக் கணினியில் மைக்குக்கும் சத்தத்துக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால், போன் இயர்போனின் மைக் வேலை செய்ய ஒய் வடிவப் பிரிப்பான் ஒன்று தேவைப்படும். நூறு இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம் அது.

கம்பியா புளூடூத்தா என்ற கேள்விக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கையில் இருப்பது 1,500 ரூபாய், முதன்முதலாக நல்ல சத்தம் கேட்க ஆசை என்றால் கம்பி வாங்குங்கள். புளூடூத்தில் உங்கள் காசு பேட்டரிக்கும் ரேடியோ சிப்புக்கும் சார்ஜ் டப்பாவுக்கும் பங்கு பிரிந்து போகிறது. கம்பியில் அது முழுக்க ஒலிக்கே போகிறது. இயர்பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரி சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் அது சோர்ந்துவிடும், அதைப் பிரித்து மாற்றுவதும் நடக்கிற காரியமில்லை. விளையாட்டு ஆடுகிற தம்பிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண புளூடூத்தில் சத்தம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாக வரும். வீடியோ பார்க்கும் செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துச் சரிக்கட்டிக்கொள்ளும். விளையாட்டில் அது முடியாது. எதிரி சுட்டது காதில் விழுவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

நாள் முழுக்க வண்டியிலும் வெளியிலும் அலைந்து போன் பேசுகிறவர்களுக்குக் கம்பி சரிப்படாது. அவர்களுக்கு நான் நெக்பேண்ட் கொடுப்பேன். பேட்டரி பெரிது, கழட்டினால் கழுத்திலேயே தொங்கும், ஒரு பக்கம் தொலைந்து போகாது. ஆனால் ஓட்டும்போது மாட்டாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்காது. வியர்வை தாங்க வேண்டும் என்றால் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருப்பது போதும். தெறிக்கும் நீரைத் தாங்கும் என்றுதான் அதற்கு அர்த்தம், சட்டைப் பையில் வைத்தே துவைக்கலாம் என்று அர்த்தமில்லை.

டப்பாமேல் இருக்கும் இரண்டு சொற்களைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏஎன்சி என்றால் வெளி இரைச்சலை உங்கள் காதுக்குக் குறைப்பது. ஈஎன்சி என்றால் நீங்கள் பேசும்போது மைக்கில் விழும் இரைச்சலை எதிர்முனைக்காரருக்குக் குறைப்பது. விலை குறைந்த டப்பாக்களில் ஈஎன்சியைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பேருந்தில் அமைதி கிடைக்கும் என்று நம்பி வாங்கிப்போய், ஏமாந்து வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். உண்மையான ஏஎன்சியும் என்ஜின் உறுமல், ஏசி இரைச்சல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாகக் குறைக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை ரப்பர்தான் தடுக்க வேண்டும்.

மற்ற எண்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று எல்லா டப்பாவிலும் இருக்கும். அது மனிதக் காது கேட்கும் எல்லை. எதை எவ்வளவு சத்தமாகக் கேட்க வைக்கிறது என்பதில்தான் இயர்போனின் குணம் இருக்கிறது, அதை டப்பாவில் போடுவதில்லை. 'டிரைவர் 10 மி.மீ.', '14 மி.மீ.' என்பதும் அப்படித்தான். டிரைவர் என்பது ஒலி எழுப்பும் அந்தத் தகடு இருக்கும் பாகம், அது பெரிதாக இருந்தால் நல்லது என்று சட்டமில்லை. ஓம் கணக்கை, அதாவது மின்தடையை, மட்டும் ஒரு பார்வை பாருங்கள். 16, 32 ஓம் என்றால் போனுக்குப் போதும். 250, 300 ஓம் ஹெட்போன்கள் ஸ்டுடியோவுக்கும் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் செய்தவை. போனில் செருகினால் சத்தம் ஏறாது. '4,999 ரூபாய் எம்.ஆர்.பி., இன்று 899' என்பதை நம்பி மகிழவும் வேண்டாம். அந்தப் பொருளின் விலை 899, அவ்வளவுதான்.

விலை கூடினால் சத்தமும் கூடவே நன்றாக இருக்கும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை வைத்து, ஒவ்வொன்றும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை எப்படி ஒலிக்கிறது என்பதை அதன் விலையோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. காசுக்குக் கட்டுமானம், வசதி, பேட்டரி, பெயர் எல்லாம் கிடைக்கலாம், சத்தம் கிடைத்தே ஆக வேண்டும் என்றில்லை. என் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. சீனாவின் செங்டு நகரத்திலிருந்து வரும் மூன்ட்ராப் கம்பெனியின் சூ 2 என்ற கம்பி இயர்போன் நம்மூரில் ஏறத்தாழ 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அப்பாவின் காதில் மாட்டி ஒரு கச்சேரி போட்டேன். எண்பதுகளில் இதே கடையில் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்து, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவர் அவர். தம்பூராவின் கார்வை தனியாக, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கிறது என்றார். கண்ணை மூடிக்கொண்டு முழு ராகத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் கழட்டினார். அதில் கம்பியைக் கழட்டி மாற்றலாம் என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம். இயர்போன் சாவதே பெரும்பாலும் போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் கம்பி அறுந்துதான். 2,000 அதிகம் என்றால் 600, 700 ரூபாய்க்கும் நல்ல கம்பி இயர்போன்கள் இருக்கின்றன. 300-க்குக் கீழே மட்டும் நான் எதையும் சிபாரிசு செய்வதில்லை.

வாங்குவதற்கு முன் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டில் எல்லாமே நன்றாக இருக்கும். எண்பதுகளின் திரைப்பாட்டு ஒன்று போதும். பேஸ் கிட்டார் எங்கே நடக்கிறது என்று விரலால் தொடர முடிகிறதா, பாடகரின் 'ஸ', 'ச' காதைக் குத்துகிறதா என்று பாருங்கள். பாடம் கேட்பதற்கென்றால் ஒரு ஆசிரியரின் வீடியோவையே போட்டுக் கேளுங்கள். பேச்சின் தெளிவு ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பேஸ் அதை மூடிவிடக் கூடாது. நல்ல இயர்போனில் பழைய பாட்டில் 'உஸ்' என்று இரைச்சல் கேட்டால் பயப்படாதீர்கள். அது ஒலிநாடாவின் இரைச்சல், இத்தனை நாள் உங்கள் காதுக்கு வரவில்லை.

சத்தத்தின் அளவைப் பற்றி, பெற்றோர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. குழந்தைகளுக்கு அந்த 40 மணி நேரம் 75 டெசிபலில்தான். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும், 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேருந்தில் காதை அடைக்காத இயர்போனைப் போட்டவர் என்ஜின் சத்தத்தை வெல்ல வால்யூமைக் கடைசிவரை தள்ளுகிறார். நன்றாக அடைக்கும் ரப்பர் போட்டவர் பாதி வால்யூமில் அதே பாட்டைக் கேட்கிறார். ரப்பரைப் பற்றி நான் இவ்வளவு நீளமாக எழுதியதற்கு இதுவும் காரணம். கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அது அளவுக்கு மீறிய சத்தம். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது, எந்தக் கடையிலும் கிடைக்காது.

"ஒரு பக்கம் சத்தம் கம்மியாயிடுச்சு" என்று தூக்கிப் போடுவதற்கு முன் எடுத்து வாருங்கள். பாதிக்குப் பாதி, இயர்போன் முனையில் இருக்கும் வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். செருகும் பின் முழுதாக உட்காராமல் ஆடினால் போனின் ஓட்டையில் பஞ்சு சேர்ந்திருக்கும். அதற்கும் நாங்கள் காசு வாங்குவதில்லை.

கடைக்கு வரும்போது உங்கள் போனையும் பழைய இயர்போனையும் கொண்டுவாருங்கள். போட்டுப் பார்க்க ஐந்தாறு மாதிரிகளைத் தனியாக வைத்திருக்கிறோம், ஒவ்வொருவருக்கும் புது ரப்பர் மாற்றித் தருவோம். மதியம் 2 முதல் 4 வரை கூட்டம் இருக்காது, உட்கார்ந்து கேட்கலாம். அந்தப் போட்டித் தேர்வுப் பெண் இப்போது அவர் தம்பிக்கு ஒன்று வாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
திருச்சி