முத்து என்று அரசனே சொல்லட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கட்டுரையை மூன்று தடவை படித்தேன். டெல்லியில் படிக்கிற பிள்ளைக்கு நம்ம ஊர் நெல் கொள்முதலைப் பற்றி, ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பிவிடுகிற அந்த விதியைப் பற்றி எழுதத் தோன்றியதே, எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார். ஆனால் ராசா, அவர் கலங்கத்தான் செய்வார். அவர் நெல்தானே அது. உன் கட்டுரை போய்ச் சேர வேண்டியது கலங்காத ஒருவரிடம்.

அந்த ஒருவரை முதலில் மனசில் உட்கார வை. கிடங்குக்குப் பொறுப்பான அதிகாரி என்று வைத்துக்கொள். ஈரநெல்லை வாங்கி அடுக்கி, மூட்டையோடு முளைவிட்டதைப் பார்த்தவர், அதற்கு மேலிடத்தில் பதில் சொல்லி அலைந்தவர். "விவசாயி வயிற்றில் அடிக்கும் விதி" என்று தொடங்கியிருக்கிறாய். அந்த வரியிலேயே அவர் தாளை மூடிவிடுவார்.

"விவசாயிக்கு நீதி வேண்டும்" என்பதை உன் கருத்தாக வைத்திருக்கிறாய். அதை யார் மறுப்பார்? மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதத்துக்கு வேலை இல்லை. "டெல்டாவில் குறுவை அறுவடைக் காலத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 ஆக்க வேண்டும், வருஷாவருஷம் மனு போட வைக்காமல் விதியிலேயே அதை எழுதிவிட வேண்டும்." இதை மறுக்க ஆள் உண்டு. இதை முதல் பத்தியின் கடைசி வரியாக வை. பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் இதற்கு உழைக்கிறதா என்று பார். காவிரி நீர்ப் பங்கீடு பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே வேண்டாம். எடுத்துவிடு.

நன்னூலில் எழுவகை மதம் படித்தாயே, நூல் எழுதுகிறவர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகள், நினைவிருக்கிறதா? "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே." வகுப்பில் நடத்தும்போது 'கொண்டு' என்ற சொல்லில் வெகுநேரம் நின்றுவிடுவேன். எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் முழுசாகக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், களைவது அப்புறம்தான். நீயோ "தரம் கெடும் என்பர் சிலர், அது தவறு" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

அது தவறில்லை தம்பி. இந்த ஐப்பசியில் நம் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் நாலு நாள் கிடந்தது. அப்பா குவியலுக்குள் முழங்கை வரை கையைவிட்டு எடுத்தார். ஆவி வந்தது. விரலில் ஒட்டிவந்த நெல்மணியில் வெள்ளையாய் முளை. ஈரநெல் சூடேறும், கறுக்கும், அரைத்தால் நொய்யாகப் போகும் என்று அதிகாரி சொல்வது இதைத்தான். அவரைவிட நன்றாக நீ அதை எழுது. எழுதிவிட்டு, நம் நெல் எங்கே கெட்டது என்று கேள். கிடங்கில் இல்லை, ரோட்டில். வரம்பு போட்டதால் ஈரம் போகவில்லை, நெல் கெடுகிற இடம்தான் மாறியது. காயவைக்கும் இயந்திரத்தை இரண்டு ஏக்கர்காரர் வாங்கி வைக்க முடியுமா, கொள்முதல் செய்கிறவர் வைக்க முடியுமா?

அடுத்தது சான்று. விவசாயிகள் பேசியதையே அடுக்கியிருக்கிறாய். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எடுத்துப் பார். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் பாண்டியன். கண்ணகி அந்த நீதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எம்முடையது முத்து என்று அரசனே சொல்கிறான். அதன் பிறகுதான் உடைக்கிறாள். முதலிலேயே உடைத்திருந்தால் அது தெறித்த ஒரு கல், அவ்வளவுதான்.

உன் கட்டுரையிலும் அப்படி ஒரு முத்து இருக்கிறது, நாலாம் பக்க மூலையில் போட்டுவைத்திருக்கிறாய். 2022 அக்டோபரில் மத்திய அரசே தமிழ்நாட்டில் 19 சதவீத ஈரம் வரை வாங்க அனுமதித்தது. மழை பெய்தால் 17 நடக்காது என்று, வரம்பு போட்டவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருவது புதுசா? மனு, மாதிரி எடுப்பு, ஆய்வு, உத்தரவு என்று போகிற நாட்களுக்கு ஈரநெல் காத்திருக்காது. இதைக் கடைசிக்கு முந்தின பத்தியாக வை.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. 19 சரி, 22 ஏன்? நீ காரணமே சொல்லவில்லை. அந்த அதிகாரி முதலில் விரல் வைப்பது அங்கேதான். ஈரம் கூடக்கூட விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று நீயே முன்வந்து சொன்னால் என்ன? அப்பாவிடம் கேட்டேன். "கழிச்சுக்கட்டும், அன்னிக்கே எடுத்துக்கிட்டாப் போதும்" என்றார். முடிவுரையில் முன்னுரையையே திரும்ப எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு அப்பா சொன்னதை வை.

வியாழக்கிழமைக்குள் திருத்தி அனுப்பு, ராத்திரியே படித்துவிடுகிறேன். இங்கே சம்பா கதிர் முற்றத் தொடங்கிவிட்டது. அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், அந்தக் கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே.

உன் அம்மா