'எதிர்பாராதவிதமாக தவறி விழுந்தார்'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு வேலை பாக்கும்போது மேலேர்ந்து விழுந்தவங்க செய்தி உங்க பேப்பர்ல அடிக்கடி வருது. எல்லாத்துலயும் அதே வரி, எதிர்பாராதவிதமாக தவறி விழுந்தார். ஏணி எதுமேல நின்னுச்சு, யாராச்சும் புடிச்சாங்களான்னு ஒரு வார்த்தை இருக்காது.

போன மாசம் எங்க வீட்ல நடந்தத சொல்றேன். சன்ஷேடுக்கு மேல ஒரு விரிசல், பட்டி பாத்துட்டு இறங்கிடுறேன், அஞ்சு நிமிஷ வேலைன்னு பெயிண்டர் ஏணிய சாத்துனாரு. கீழ டைல்ஸ்ல பெயிண்ட் சிந்தக்கூடாதுன்னு பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சு வச்சது நான்தான், ஏணி கால் ரெண்டும் அதுமேலதான் நின்னுச்சு. அவரு ஒரு கைல பட்டி டப்பா, இன்னொரு கைல ஏணின்னு ஏறுனாரு, ஆறடி கூட போயிருக்க மாட்டாரு, ஷீட்டோட சேர்ந்து ஏணி கால் பின்னாடி சர்ருனு போயிடுச்சு. மணிக்கட்டு உடைஞ்சுது. நான் பதறிப்போய் உடனே அவர தூக்கி உக்கார வச்சேன், முதுகெலும்புல அடி பட்டிருந்தா அதுவே வினையா போயிருக்கும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. இதுல எதிர்பாராதது எதுங்க?

12 அடி உயரத்துல ஏணிய சாத்துனா கால் சுவத்துலேர்ந்து 3 அடி தள்ளி இருக்கணும், அதாவது நாலுக்கு ஒண்ணு. ரொம்ப ஒட்டி வச்சா ஆளோட சேர்ந்து ஏணி பின்னாடி சாயும், ரொம்ப தள்ளி வச்சா கால் வழுக்கும். மொட்டமாடில ஏறி இறங்கணும்னா விளிம்புக்கு மேல 3 அடியாவது ஏணி நீட்டிட்டு இருக்கணும், அப்பதான் புடிச்சு இறங்க முடியும். டப்பாவ கயிறு கட்டி மேல இழுத்துக்கலாம், ஏறுறப்போ ரெண்டு கையும் காலியா இருக்கட்டும். கரண்ட் ஒயர் பக்கத்துல போனா அலுமினிய ஏணியே வேணாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ல நேரா கால் வைக்கிறத பத்தி தனி லெட்டரே எழுதணும். சிலர் சேஃப்டி பெல்ட்ட மாட்டிட்டு கொக்கிய பிளாஸ்டிக் தண்ணி பைப்ல போடுறாங்க, அதுக்கு போடாமலே இருக்கலாம், போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல இன்னும் எட்டி எட்டி வேலை பாப்பாங்க.

10 அடிதானேன்னு நெனைக்கிறோம், அங்கேர்ந்து விழ ஒரு செகண்ட் கூட ஆகாது, தரைல மோதுறப்போ வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர தாண்டிடும்.

அடுத்த தடவ இப்படி ஒரு செய்தி வந்தா ஏணி எப்படி நின்னுச்சுன்னு உங்க நிருபர கேட்டு ஒரு வரி சேத்து போடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்