டாவே ஆற்றங்கரையில் கை கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

ஸ்வான்சி நகரின் ஹாவோட் பகுதியின் பழைய படங்களையும் நினைவுகளையும் சேர்த்து எங்கள் தெருக்கோடித் தேவாலயக் கூடத்தில் நாங்கள் வைத்த சின்னக் கண்காட்சி நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு நன்றித் தாள் எழுதிக் கூடத்தின் கதவில் ஒட்டியாயிற்று. தமிழில் தனியாக எழுதக் காரணம், செலவுக்குப் பணம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் ஸ்வான்சி பக்கமே வந்ததில்லை. எதற்குக் கொடுத்தோம், யார் யார் உழைத்தார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? உதவிய பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் தெருவையும் வேலையையும் வைத்தே சொல்கிறேன். அவரவருக்குத் தெரியும்.

வராதவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஸ்வான்சி, வேல்ஸின் தென்கரையில் டாவே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை ஆறு என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகச் செம்பு வியாபாரம் இந்தக் கரையைச் சுற்றித்தான் நடந்தது. 1717-ல் முதல் உலை, 1737-ல் ஒயிட் ராக் ஆலை, 1810-ல் விவியன் குடும்பத்தின் ஹாவோட் ஆலை, அதை ஒட்டியே 1835 வாக்கில் மோர்வா ஆலை என்று இரண்டு கரையும் புகைபோக்கிகளால் நிறைந்தன. இங்கே செம்புத் தாது கிடையாது, நிலக்கரிதான் உண்டு. ஒரு டன் தாதை உருக்கப் பல டன் கரி வேண்டும் என்பதால், கரி இருக்கும் இடத்துக்குத் தாதைக் கொண்டுவருவதே லாபம். முதலில் கார்ன்வாலிலிருந்து வந்தது. பிறகு கியூபா, சிலி, ஆஸ்திரேலியா என்று கப்பல்கள் போய்வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்திய கம்பெனி டன் டன்னாகப் பிரிட்டிஷ் செம்பை வாங்கி இந்தியாவில் விற்றது. நம் ஊர்ப் பாத்திரக் கடைத் தெருக்களுக்கும் அதில் ஒரு பங்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது என் ஆசை. ஆதாரம் கேட்காதீர்கள்.

முதல் நன்றி ஓடோ தெருப் பாட்டிக்கு. எண்பதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர். வீடு வீடாகக் கதவைத் தட்டி அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாக்களை இறக்கவைத்தது அவர்தான். நான் தனியாகப் போயிருந்தால் ஏதோ விற்க வந்தவன் என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அவருடன் போனதால் எல்லா வீட்டிலும் டீ கிடைத்தது. இந்தத் தெருக்களை ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டியது விவியன் குடும்பம். அதனால் தெருப் பெயர்களும் அவர்களுடையவை. ஓடோ, கிரஹாம் எல்லாம் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். பாட்டிக்கு அதில் பழைய கோபம் ஒன்று உண்டு. "அந்தப் பிள்ளைகள் பெயர் சுவரில் இருக்கிறது, உலைக்கு முன்னால் நின்றவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். கேட்டுவிட்டு, படத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதவைத்தார். கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த பெயர்ப் பட்டியல் அப்படி வந்ததுதான். என்னைக் கேட்டால், எங்கள் வேலையில் உருப்படியான பகுதி அந்தப் பட்டியல்தான். மற்றவையெல்லாம் நூலகத்தில் இருக்கின்றன.

அடுத்து, ரோலிங் மில்லில் வேலை பார்த்த தாத்தா. ஹாவோட்டில் தாது உருக்குவது 1920-களிலேயே நின்றுபோனது. சிலியும் அமெரிக்காவும் சுரங்கத்துப் பக்கத்திலேயே உலை போட்டுக்கொண்ட பிறகு இங்கே கப்பலேற்றி அனுப்ப அவர்களுக்கு என்ன தேவை? ஆனால் தகடு உருட்டும் வேலை 1980 வரை நடந்தது. அந்தக் கடைசி வருஷம் கதவைச் சாத்தும்போது உள்ளே இருந்தவர்களில் இவரும் ஒருவர். கடைசிச் சம்பளச் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். அதை எங்களிடம் தரும்போது அவர் மனைவி, "நாற்பது வருஷமாக இதைத் துடைப்பது நான், கவனம்" என்றார். 1910-ல் செய்த மஸ்கிரேவ் நீராவி எஞ்சின் இன்னும் ஆலை வளாகத்திலேயே நிற்கிறது. அதன் படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது எப்படி உருளைகளைச் சுற்றியது என்று கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். நாங்கள் எழுதி ஒட்டிய விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மரம் வைத்த அம்மாவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் கிழக்கே கில்வே குன்று இருக்கிறது. இன்று பார்த்தால் பச்சை. அறுபது வருஷத்துக்கு முன் அது மொட்டைப் பாறை. தாதிலிருந்த கந்தகம் எரிந்து புகையாகப் போய்ப் புல்லையும் மரத்தையும் கொன்றது. வேர் போனதும் மழை மண்ணை அடித்துக்கொண்டு போய்விட்டது. புகையை அடக்க ஹம்ப்ரி டேவி, மைக்கேல் ஃபாரடே போன்ற பெரிய விஞ்ஞானிகள் வரைக்கும் கேட்டுப் பார்த்தார்கள். தீரவில்லை. 1830-களில் விவசாயிகள் பயிரும் மாடும் போயின என்று வழக்குப் போட்டார்கள். ஜூரி ஆலைப் பக்கம் நின்றது. வழக்கமாகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் புகை கிழக்கே ஏழைகள் வீட்டுப் பக்கம் போகும். விவியன் மாளிகை சிங்கிள்டனில், நகரத்தின் மேற்கே, கடல் காற்றில் இருந்தது. இதற்கு மேல் நான் ஏதும் சொல்லத் தேவையில்லை.

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது மிஞ்சியது நூற்றுக்கணக்கான ஏக்கர் கசடு மேடும் இடிந்த சுவரும். அப்போது ரயிலில் ஸ்வான்சிக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது அதைத்தான். அந்தக் காட்சி பொறுக்காமல் ராபின் ஹியூஸ் ஜோன்ஸ் என்ற பல்கலைக்கழக ஆசிரியர் கிளப்பிவிட்ட பேச்சுதான் 1961-ல் கீழ் ஸ்வான்சிப் பள்ளத்தாக்குத் திட்டமாக ஆரம்பித்தது. மண்ணைச் சோதித்தார்கள், எந்தப் புல் பிடிக்கும், எந்த மரம் தாங்கும் என்று வருஷக்கணக்கில் பார்த்தார்கள், 1967-ல் அறிக்கை வந்தது. திட்டத்தை நடத்திய பல்கலைக்கழகம் இருந்த இடம் எது தெரியுமா? அதே சிங்கிள்டன் மாளிகை.

நடுவதற்கு ஆள் வேண்டும், நட்டதை உடைக்காமலும் கொளுத்தாமலும் இருக்கவும் ஆள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளையே நடவைத்தார்கள். தானே வைத்த கன்றை எந்தப் பிள்ளை பிடுங்கும்? எங்களுக்குப் படம் கொடுத்த அம்மா அந்தப் பிள்ளைகளில் ஒருவர். மழைக் கோட்டும் பெரிய பூட்ஸும் போட்டு, தன்னைவிட உயரமான மண்வெட்டியோடு நிற்கிறார். "அங்கே எதுவும் முளைக்காது, செருப்பு தேய்வதுதான் மிச்சம்" என்று அவர் அப்பா சொல்லி அனுப்பினாராம். இப்போது அவர் பேரனோடு நடக்கப் போவது அந்தக் காட்டில்தான். எந்த மரம் நீங்கள் வைத்தது என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும், எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறதே" என்றார். அம்மா, அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று உங்களுக்காகத் தயாராக இருக்கிறது. கொண்டுவந்து தருகிறேன்.

ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவருக்கும் நன்றி, அவரோடு நிறையச் சண்டை போட்டிருந்தாலும். பெருமை மட்டும் பேசும் கண்காட்சி என்றால் தான் வரமாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அவர் பிடிவாதத்தால்தான் ஒரு பலகை முழுவதும் வேறு கதை சொன்னது. ஒயிட் ராக் ஆலையைத் தொடங்கியவர்கள் பிரிஸ்டல் வியாபாரிகள். ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கக் கொடுத்த வளையங்கள் அங்கே வார்க்கப்பட்டன. கியூபாவின் எல் கோப்ரே சுரங்கத்தில் அடிமைகள் தோண்டிய தாது இந்த உலைகளுக்கு வந்தது. 1865-ல் ஹெக்லா என்ற கப்பல் கியூபாவிலிருந்து செம்புத் தாதோடு மஞ்சள் காய்ச்சலையும் கொண்டுவந்து சேர்த்தது. 27 பேருக்குக் கண்டது, 15 பேர் இறந்தார்கள். பெரியவர்கள் சிலர் இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளித்தார்கள். ஆனால் அதிக நேரம் ஆட்கள் நின்று படித்த பலகை அதுதான். சரி சார், நீங்கள் ஜெயித்தீர்கள்.

நம்மவர்களுக்கு வருகிறேன். பலகைகளை வேனில் ஏற்றி இறக்கிய மாணவத் தம்பிகளுக்கும், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்து வாசலில் நின்ற செவிலியர் அக்காக்களுக்கும் நன்றி. சுண்டலும் மெதுவடையும் செய்துகொடுத்த அண்ணிக்குத் தனியாக. தேவாலயக் கூடத்தில் வெல்ஷ் கேக் பக்கத்தில் வடைத் தட்டு முதலில் காலியானது பற்றி அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், பேசட்டும். போர்ட் டால்பட்டிலிருந்து வந்த ஒருவரையும் மறக்க முடியாது. அங்கே உள்ள இரும்பு ஆலையின் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் கடைசியில் அணைத்தார்கள். நடத்துவது டாட்டா என்பதால், "உங்கள் ஊர் கம்பெனிதானே" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பிறகு ரோலிங் மில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தார். ஆலை மூடிய அடுத்த திங்கட்கிழமைக் காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தாத்தா சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

நூலகத்தில் பழைய வரைபடம் எடுத்துக்கொடுத்தவர்கள், வெல்ஷ் பெயர்களைத் திருத்திய ஆசிரியை, பாதி விலைக்கு அச்சடித்த கடைக்காரர், ஆற்றில் படகு ஓட்டி ஆலைச் சுவர்களைத் தண்ணீரிலிருந்து படமெடுக்க உதவிய தன்னார்வலர்கள், எல்லாருக்கும் நன்றி.

இப்போது ஆற்றங்கரை மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. 1992-ல் தடுப்பணை வந்த பிறகு கடல் வற்றும் நேரத்துச் சேறு மறைந்தது. மோர்வாவில் 2005-ல் கால்பந்து மைதானம் வந்தது. பழைய மின்நிலையக் கட்டடத்தில் 2023-லிருந்து பென்டெரின் என்ற வேல்ஸ் கம்பெனி விஸ்கி காய்ச்சுகிறது. நல்லதுதான், இடிந்து கிடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் விஸ்கி பார்க்க வருபவர்கள் ஓடோ தெருவுக்குள் வருவதில்லை என்று பாட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரவல் வாங்கிய படங்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மூன்றுக்கு மட்டும் சொந்தக்காரர் தெரியவில்லை. ஒரு கல்யாணப் படம், ஆலைக் கால்பந்து அணி ஒன்று, கருங்கசடுக் கட்டிகள் பதித்த மதில்மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பையன்கள். பாட்டி பார்த்துவிட்டு, பையன்களில் ஒருவன் லாண்டோர் பக்கத்துக்காரன்போல இருக்கிறான் என்கிறார். லாண்டோரில் தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். படங்கள் அதுவரை பாட்டி வீட்டில் இருக்கும்.