கேரவன் டேங்க்கும் ஒரு தண்ணீர்க் குடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பயணப் பக்கத்தில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டியான கேரவனை ஈஸ்டர் விடுமுறைக்குத் தயார் செய்வது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். டயர் காற்று, பிரேக் விளக்கு, கேஸ் குழாய் எல்லாவற்றையும் எழுதியவர் நன்றாகவே சொல்லியிருந்தார். தண்ணீருக்கு மட்டும் ஒரே வரி: "கிளம்புவதற்கு முன் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்." அந்த ஒரு வரியை அப்படியே செய்துதான் இரண்டு வருடத்துக்கு முன் என் பேரன் மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தான், அதனால்தான் இந்தக் கடிதம். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ், தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்காட்பர்க் கடற்கரைக்குப் போயிருந்தோம். நான், வீட்டுக்காரி, மகள், மருமகன், பேரப் பிள்ளைகள் இரண்டு பேர். கேரவன் ஜூலை விடுமுறைக்கு அப்புறம் முற்றத்தை விட்டு நகரவே இல்லை, டேங்க்கில் பாதித் தண்ணீர் அப்படியே கிடந்தது, அதன் மேலேயே நல்ல தண்ணீரை விட்டு நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி மூத்த பேரனுக்கு ஆரம்பித்தது. முதலில் பிரியாணியைத்தான் சந்தேகப்பட்டோம், வீட்டுக்காரிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. வீடு திரும்பி உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. பெரியவர்கள் குடித்ததெல்லாம் டீயும் கடையில் வாங்கிய கூல் டிரிங்கும், சின்னவனுக்குப் புட்டிப்பால், அதற்கும் கொதித்த தண்ணீர். மூத்தவன் ஒருத்தன்தான் விளையாடிவிட்டு ஓடிவந்து கேரவன் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைக் கப்பில் பிடித்துக் குடித்தவன்.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கவில்லை, ஆகவே டேங்க்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வடிகால் மூடியைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், வெண்டைக்காய் நறுக்கின கத்தியைத் தொட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. விரலை முகர்ந்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கேரவனை விற்றவர்கள் மெத்தை, ஃபிரிட்ஜ், கூடாரத் துணி எல்லாவற்றையும் காட்டினார்கள், டேங்க்கைக் கழுவ வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களை மட்டும் சொல்லி என்ன, நாற்பது வருடம் குழாயோடும் வால்வோடும் கிடந்த ஃபிட்டர் நான், எனக்கே தோன்றவில்லையே. நம் குடும்பங்களில் இதைச் சொல்லித்தர ஆளும் இல்லை. என் அப்பா காலத்தில் நல்ல கடற்கரைகளும் கேரவன் பார்க்குகளும் நமக்கு இல்லை. நம் தென்னாப்பிரிக்காவில் பொது இடங்களை இனவாரியாகப் பிரித்துவைத்த, 1953இல் வந்த தனி வசதிச் சட்டம் 1990இல்தான் நீக்கப்பட்டது. அதற்கப்புறம்தான் நாம் பழைய கேரவன்களை வாங்கிக் கட்டி இழுக்க ஆரம்பித்தோம். வெள்ளைக்காரக் குடும்பங்களில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த பழக்கங்கள் எல்லாம் நமக்குப் பட்டுத்தான் தெரிகின்றன.

ஆனால் தண்ணீர்ப் பாத்திரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நமக்குத் தெரியாதா என்ன? மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் என் ஆயா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, உள்ளே கைவிட்டு நாரால் சுற்றிச் சுற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பாள். பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றினால் திட்டு விழும். குடத்துக்குள் கை போகும், கேரவன் டேங்க்குக்குள் போகாது, வித்தியாசம் அவ்வளவுதான். கை போகாத இடத்துக்குத்தான் குளோரினை அனுப்புகிறோம்.

குழாய்த் தண்ணீரில்தான் ஏற்கெனவே குளோரின் இருக்கிறதே என்று என் மருமகன் கேட்டார். இருக்கிறது, ஆனால் கொஞ்சம், அதுவும் நிற்காது. வெயிலில் நிற்கும் பிளாஸ்டிக் டேங்க்கில் சில நாளில் போய்விடும், அப்புறம் அது காவல் இல்லாத வீடு. வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலம் கட்டிக்கொள்ளும். நான் தொட்டது அதைத்தான். அந்தப் படலம் தடித்துவிட்டால் மேலே ஊற்றுகிற குளோரின் உள்ளே இறங்காது, ஆகவே அழுக்கு டேங்க்குக்கு ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். குடிக்காவிட்டாலும் ஷவரில் குளிக்கிறோமே. 20 முதல் 45 டிகிரிச் சூட்டில் வளர்கிற லெஜியோனெல்லா என்ற கிருமி, தண்ணீர்த் துளியோடு மூச்சில் போய் நிமோனியா கொண்டுவரும்.

சரி, செய்வது எப்படி? நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற ஜிக் என்ற சாதாரண பிளீச் போதும். வாசனை போட்டதும் கெட்டியாக இருப்பதும் வேண்டாம். சாதா ஜிக்கில் 3.5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட். 100 லிட்டர் டேங்க்குக்கு 150 மில்லி, 60 லிட்டருக்கு 90 மில்லி. இப்படிக் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவுக்குக் குளோரின் கிடைக்கும், அதை நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். அவசரம் என்றால் இரண்டு மடங்கு ஊற்றி ஒரு மணி நேரம். புட்டியில் தேதியைப் பாருங்கள், வருடக்கணக்கில் கராஜில் கிடந்த ஜிக் பாதிச் சத்து போய்த் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி டேங்க்கில் ஊற்றிவிட்டு, மீதியை நல்ல தண்ணீரால் வாய் வரை நிரப்புங்கள். அப்புறம் பம்ப்பைப் போட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாசனை வரும் வரை விட்டு மூடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயையும் ஷவரையும் மறக்காதீர்கள், ஏனென்றால் டேங்க் சுத்தமாகிக் குழாய் அழுக்காகவே இருந்தால் செய்த வேலை வீண். கரி ஃபில்ட்டர் இருந்தால் முன்னாலேயே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது குளோரினைத் தின்றுவிடும். கீசரை அணைத்து வையுங்கள், குளோரின் கூடாது என்று அதன் கையேட்டில் போட்டிருந்தால் அதன் பேச்சைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டுமே என்று விடுவதும் நல்லதல்ல, உலோகமும் ரப்பரும் கெடும்.

நான்கு மணி நேரம் ஆனதும் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, இரண்டு தடவை நிரப்பி வடித்தால் வாசனை போய்விடும். எங்கே வடிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் முதல் தடவை வீட்டுக்காரியின் கறிவேப்பிலைச் செடி மேலேயே திறந்துவிட்டேன், பிரியாணிப் பழியும் இதுவும் சேர்ந்து அந்த வாரம் எனக்கு நல்ல வாரமாக இல்லை. வாசனை போகாவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கேரவனை நாலு தெரு சுற்றி இழுத்து வந்தால் அலசிக்கொண்டுவிடும். ஜிக்கோடு வினிகரை மட்டும் ஒருநாளும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். வினிகர் போடுவதானால் குளோரினை முழுக்க அலசி வெளியேற்றிய பிறகு.

இன்னொரு ஆபத்து நீச்சல்குள மருந்து. அதுவும் குளோரின்தானே என்று ஒரு தம்பி தன் டேங்க்கில் ஒரு கரண்டி போட்டதாகப் பெருமையாகச் சொன்னார். குளத்துக்கு விற்கிற பல மருந்துகளில் வெயிலில் குளோரின் போகாமல் பிடித்துவைக்க வேறு ரசாயனமும் சேர்த்திருப்பார்கள், அது குடிக்கிற தண்ணீருக்கு வந்ததல்ல. அதே போல, டேங்க் கழுவுகிற அளவு வேறு, குடிக்கிற தண்ணீருக்குப் போடுகிற அளவு வேறு. சந்தேகமான தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஜிக், நன்றாகக் கலக்கி இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள்.

நிரப்புகிற இடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. கேரவன் பார்க்கில் ஒரு குழாய் இருக்கும், எல்லாரும் அதில்தான் பிடிப்பார்கள். காலையில் கொஞ்ச நேரம் அங்கே நின்று பாருங்கள், கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்துவிட்டு அதே குழாயின் வாயைப் பெட்டிக்குள் விட்டு அலசுகிற புண்ணியவான் ஒருத்தர் கட்டாயம் வருவார். நான் இப்போது பிடிப்பதற்கு முன் குழாய் வாயை ஜிக் தொட்ட துணியால் துடைத்து, ஒரு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுத்தான் ஹோஸைப் பொருத்துவேன். ஹோஸும் தோட்டத்துப் பச்சை ஹோஸ் அல்ல, குடிநீருக்கென்று விற்பதை வாங்கி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்து, இரண்டு முனையையும் சேர்த்து மாட்டித் தனிப் பையில் வைத்துக்கொள்கிறேன். புல்லில் கிடந்து வெயிலில் காய்ந்த ஹோஸில் முதலில் வருகிற தண்ணீரை நாய்க்குக்கூட வைக்க மாட்டேன்.

ஆற்றில் ஓடையில் பிடிக்காதீர்கள். டிராக்கன்ஸ்பர்க் ஓடை கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும், மேலே மாடு நிற்பது கீழே தெரியாது. குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் மாதிரிக் கிருமிகளும் உண்டு, கொதிக்கவைத்தால் சாகும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிஷம். போர்ஹோல் என்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு இன்னொரு கதை: நைட்ரேட் அதிகமாக இருந்தால் கொதிக்கவைத்தாலும் போகாது, வற்ற வற்றக் கூடும், அதில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது. போர்ஹோலா என்று அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் என்ன?

குழாயில் வந்தால் நல்ல தண்ணீர்தான் என்று எங்கேயும் நம்புகிற காலமும் இல்லை. 2023 மே மாதம் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஹமான்ஸ்கிராலில் காலரா வந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பக்கம் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். அங்கே இருக்கிற என் தங்கை வீட்டில் அப்போது கேரவன் டேங்க்தான் வீட்டு டேங்க்காக இருந்தது, லாரியில் வாளி வாளியாகப் பிடித்து அதில் ஊற்றிவைத்துப் புழங்கினார்கள். அந்த டேங்க்கை அதற்கு முன்னால் எப்போது கழுவினீர்கள் என்று நான் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இப்போது நாங்கள் குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக இரண்டு 25 லிட்டர் கேன் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம், பக்கி என்கிற பிக்கப் வண்டியின் பின்னால் நிழலில் கட்டிவைத்து. அதற்காக டேங்க்கை விட்டுவிட முடியாது, பல் துலக்குவது, தக்காளி கழுவுவது, பிராய் என்கிற கறி சுடுகிற விருந்து முடிந்து தட்டு அலசுவது எல்லாம் அதில்தான், பிள்ளைகள் வாயில் எது போகிறது என்று இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஊர் திரும்பியதும் கேரவனின் முன்னால் தாங்குகிற சின்னச் சக்கரமான ஜாக்கி வீலைச் சுற்றி வடிகால் இருக்கிற பக்கம் தாழும்படி நிறுத்தி, எல்லாக் குழாயையும் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, உள்ளே காய விடுகிறேன். நிரப்புகிற வாய்க்கு மூடி தொலைந்து துணி அடைத்திருக்கிறீர்களா, எறும்பும் பல்லியும் உள்ளே குடியேற அது போதும். காற்றுக் குழாயில் சின்னக் கண் வலை ஒன்று கட்டிவிடுங்கள்.

புனித வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் செயின்ட் லூசியா கிளம்புகிறோம். காலை ஒன்பதரைக்கு ஜிக் ஊற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன், இப்போது மணி ஒன்றரை. போய் வடிகாலைத் திறக்க வேண்டும், இந்தத் தடவை கறிவேப்பிலைச் செடிக்குத் தள்ளி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், உங்கள் பழைய வாசகன்
சாட்ஸ்வர்த், டர்பன்