எச்சத் தொடர்களின் பொருளுக்கு விதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கணினித் தமிழ் பற்றி வந்த கட்டுரை, தரவு பெருகிவிட்டதால் இனி யாரும் இலக்கண விதிகளை எழுத வேண்டியதில்லை என்று முடிந்திருந்தது. சரளமான வாக்கியம் வேண்டுபவருக்கு அது சரியாக இருக்கலாம். ஒரு சிக்கலான வாக்கியம் இந்தப் பொருளை எப்படித் தருகிறது என்று கேட்பவருக்கு அந்தப் பதில் போதாது.

'நோயாளி மருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கவில்லை.' அவர் மருந்தைச் சாப்பிட்டாரா? சாப்பிட்டும் தூக்கம் வரவில்லை என்று கொள்ளலாம்; மருந்தைச் சாப்பிடாமலே தூங்கிவிட்டார் என்றும் கொள்ளலாம். 'இல்லை' தூங்குதல் என்ற முற்றுவினையை மட்டும் மறுக்கிறதா, 'சாப்பிட்டுவிட்டு' என்ற வினையெச்சத்தையும் சேர்த்து மறுக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'மினிமல் ரிகர்ஷன் செமான்டிக்ஸ்' என்ற முறை, மறுப்பின் எல்லையை முடிவு செய்யாமலேயே இரு பொருளையும் ஒரே குறியீட்டில் வைத்துக்கொள்ளும். சூழல் தெரிந்த பின் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

பெயரெச்சம் இதைவிட ஆழமானது. 'நான் எழுதிய கடிதம்', 'நான் எழுதிய பேனா', 'நான் எழுதிய நாள்' மூன்றிலும் எச்சத்தின் வடிவம் மாறவில்லை. ஆனால் கடிதம் செய்பொருள், பேனா கருவி, நாள் காலம். பெயரெச்சம் ஏற்கும் அறுவகைப் பொருட்பெயர்களை நன்னூல் என்றோ வகுத்துவிட்டது. தொடரை அடுக்கும்போதுதான் கடினம் கூடுகிறது. 'கமலா எழுதியதாக மாலா சொன்னதாக நான் நினைத்த கடிதம்' என்பதில், அருகில் நிற்கும் 'நினைத்த' என்பதற்கும் கடிதத்துக்கும் நேர் உறவு இல்லை. இரண்டு அடுக்கு உள்ளே கிடக்கும் 'எழுது' என்ற வினைக்கே அது செய்பொருள். மொழியியலாளர்கள் கப்லானும் பிரெஸ்னனும் 1982இல் முன்வைத்த எல்.எஃப்.ஜி. (லெக்சிகல் ஃபங்ஷனல் கிராமர்) என்ற இலக்கணம், சொற்களின் கிளைப்படத்தை ஓர் அமைப்பாகவும் எழுவாய், செயப்படுபொருள் முதலிய உறவுகளை வேறோர் அமைப்பாகவும் காட்டுகிறது. அடுக்கு எத்தனை இருந்தாலும் உறவைத் தேடிச் செல்லும் வழியை ஒரே விதியாக எழுத அதில் இடம் உண்டு.

இப்படி எழுதிய விதியைக் கணினியில் ஓட்டினால், நம் விளக்கத்தின் ஓட்டை உடனே தெரிந்துவிடும். யாருமே கொள்ளாத பொருள் ஒன்று வெளியே வரும். அல்லது எல்லோரும் கொள்ளும் பொருள் வராமல் போகும். எந்த விதி தவறு என்று விரல் வைத்துக் காட்டலாம். பெரும் தரவில் பயின்ற நிரலில் அப்படிக் காட்டுவது எளிதன்று.

தமிழ்த் தொடர்களை இவ்வாறு அலசும் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். 'எல்லா மாணவர்களும் வரவில்லை' என்பதிலிருந்தே தொடங்கலாம்: ஒருவருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்