கோல்ஃப் சுருக்கெழுத்து அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு விளையாட்டுப் பக்கத் துணுக்கில், ‘ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்’ (ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தடை) என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் ‘கோல்ஃப்’ ஆனதாகப் போட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை அச்சிலும் ஏறிவிட்டதே!

மட்டையைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 1457லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்கும் கால்பந்துக்கும் தடை போட்டது. வில் பழகாமல் பந்தடித்துக்கொண்டிருந்தால் இங்கிலாந்தோடு யார் சண்டை போடுவது? ஆனால் 1502ல் மன்னர் நான்காம் ஜேம்ஸே பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் கோல்ஃப் மட்டை வாங்கியிருக்கிறார். அரண்மனைக் கணக்கே சாட்சி.

சரி, பெண்கள்? 1567ல் கணவர் கொலையுண்ட சில நாட்களிலேயே கோல்ஃப் ஆடினார் என்று ஸ்காட்லாந்து ராணி மேரி மீது எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். பெண் ஆடினார் என்பதல்ல, துக்க நாளில் ஆடினார் என்பதுதான் அவர்கள் குறை.

துணுக்குதான் வேண்டுமென்றால் பந்தைப் பற்றிப் போடலாம். அந்தக் காலத்தில் தோல் உறைக்குள் ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை ஈரத்தோடு திணித்துத் தைப்பார்கள். காயக் காயத் தோல் சுருங்கும், இறகு விரியும், பந்து கல்லாகிவிடும். நாளெல்லாம் உட்கார்ந்தாலும் நாலைந்துதான் தேறும். 1848 வாக்கில் மலாய்க் காட்டு மரப்பாலில் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து, வழவழப்பான புதுப் பந்தைவிட நன்றாகப் பறந்தது. அப்புறம்தான் பந்தில் வேண்டுமென்றே கீறல் போட்டார்கள். மேலெல்லாம் சிறு குழிகள் கொண்ட இன்றைய கோல்ஃப் பந்து அதன் வாரிசு.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்